கருப்பனுக்கு வச்ச சுருட்டு

சிகரெட்ட விட்டா நெஞ்சு தேறும், காலு தேறும், பக்கத்துல வந்து பேசுறவன் மூக்கப் பொத்த மாட்டான்னு ஊருபூராம் சொல்றான். போகும்போது அது சிரிப்பையும் சேத்துக் கூட்டிட்டுப் போயிரும்னு ஒருத்தனும் சொல்லல. நான் சொல்றேன், கேட்டுக்கங்க.

எம்பேரு ஒச்சப்பன். திண்டுக்கல்லுக்கும் குஜிலியம்பாறைக்கும் ஓடுற தனியார் பஸ்ல டிரைவரு. மீசை மொளைச்ச நாள்லருந்து குடிச்ச சிகரெட்டு. இடது காலுதான் முதல்ல காட்டிக் குடுத்துச்சு, கிளட்ச் மிதிக்கிற காலு. நடந்தா கெண்டைக்கால் கவ்விப் பிடிக்கும், நின்னா விட்டுரும். சுளுக்குன்னு நெனச்சு எண்ணெய் போட்டு நீவிப் பாத்தேன், கேக்கல. ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஒரு டாக்டரம்மா, எனக்கு மக வயசுதான் இருக்கும், ஸ்கேன் எடுத்துப் பாத்துட்டு ரத்தக்குழா சுருங்கிட்டு வருதுன்னாங்க.

"சிகரெட் வேணுமா, கால் வேணுமான்னு நீங்களே முடிவு பண்ணிக்கங்க. குறைச்சுக்கிறேன்ற பேச்சே ஆகாது. விட்டதுக்கப்புறம் ஒரே ஒரு இழுப்பு இழுத்தாலும் பழையபடி முழுசா வந்து ஒட்டிக்கும்."

காலு இல்லாத டிரைவர எவன் வச்சுக்குவான்? அன்னைக்கே விட்டேன். டாக்டரம்மா இன்னொண்ணும் சொன்னாங்க. "மனசு கொஞ்ச நாளைக்கு டல்லா இருக்கும். எதுவும் பிடிக்காது, தொட்டதுக்கெல்லாம் கோவம் வரும். ஒடம்பு நிகோடின் கேக்குது, அதான். போயிரும். வீட்ல வாயத் தொறந்து சொல்லிருங்க. உள்ளுக்குள்ள வச்சுக்காதீங்க. தாங்க முடியலன்னா இங்க வாங்க."

சரிங்கம்மான்னு தலையாட்டிட்டு வந்தேன். மனசு டல்லா இருக்குன்னு பொண்டாட்டிகிட்ட சொல்றதுக்கு நான் என்ன காலேஜ் பிள்ளையா? சொல்லல.

வெறி வந்தப்ப சமாளிச்சுக்கிட்டேன். தண்ணி குடிங்க, சோம்பு மெல்லுங்க, செத்த நேரம் நடங்க, அது தானா எறங்கிரும்னு டாக்டரம்மா சொன்னது நெசந்தான். வரும், பிடிச்சு உலுக்கும், எறங்கிரும். அதுக்குப் பெறகு வந்துச்சு பாருங்க ஒண்ணு, அதத்தான் தாங்க முடியல. அதுக்குப் பேரு கூட எனக்குத் தெரியல. எதுலயும் ஒண்ணுமில்லாமப் போச்சு.

குஜிலியம்பாறையில ட்ரிப் முடிச்சு எறங்கினா முன்னெல்லாம் ஒரு டீ, ஒரு சிகரெட்டு. அந்த சிகரெட்டுக்காகவே அம்புட்டு தூரம் வண்டிய ஓட்டிட்டு வந்த மாதிரி இருக்கும். இப்ப எறங்கினா எதுக்கு எறங்கினேன்னே தெரியல. பெட்டிக்கடையில நூல்ல கட்டித் தொங்க விட்ட லைட்டரு காத்துல ஆடும். அதப் பாத்துக்கிட்டே நிப்பேன். டீ ஆறிப் போகும். வீட்ல கறி ஆக்கிப் போட்டா ருசி முன்ன விட நல்லாவே தெரியுது. தெரிஞ்சு என்ன பண்ண? தின்னுட்டு எந்திரிச்சா தின்ன நெனப்பே இல்ல.

கோவத்துக்கு மட்டும் கொறச்சலில்ல. எரியோட்டுல ஒரு அம்மா முருங்கக்காய்க் கட்ட ஏத்துறதுக்குச் செத்த நேரமாக்கிருச்சு. அதுக்குப் போயி நான் கத்துன கத்துல, செல்லுல ரீல்ஸ் ஓட்டிக்கிட்டிருந்த பயலுக கூட சத்தத்தக் கொறச்சுட்டாங்கெ. அந்தம்மா என்னைய உத்துப் பாத்துச்சு. "ஏப்பா, வீட்ல எதுவும் சாவா?"ன்னு கேட்டுச்சு. கேலிக்குக் கேக்கல. பாவம்னு நெனச்சு நெசமாவே கேட்டுச்சு.

கண்டக்டர் பிராங்க்ளின்தான் அன்னைக்கு அந்தம்மாவ சமாதானப்படுத்தி உக்கார வச்சான். நல்ல பய, எம்மேல பிரியமான பய. தவக்காலம்னு அவனும் அப்ப கறி, மீனு எதையும் தொடாம இருந்தான். திண்டுக்கல்லுல பொறந்துட்டு பிரியாணிய விட்டுக்கிட்டு இருக்கிறது சின்ன விசயமா?

"அண்ணே, நீங்க சிகரெட்டு, நான் பிரியாணி. ரெண்டு பேரும் ஒரே கேஸுதான்"ன்னான். "ஈஸ்டர் வந்தா எனக்கு பிரியாணி வந்துரும். உங்களுக்கு எப்பண்ணே ஈஸ்டரு?"

பஸ்ல முன்னாடி உக்காந்திருந்தவங்க எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு மட்டும் நெஞ்சுல சுருக்குன்னுச்சு. ஏன்னா அவன் சொன்னதுதான் விசயமே. விரதம்னா முடியுற நாளு ஒண்ணு இருக்கும். அந்த நாள எண்ணியே இருந்துரலாம். எனக்கு எண்ணுறதுக்கு ஒரு நாளும் இல்லையேன்னு அப்பத்தான் ஒறைச்சுச்சு.

வீட்ல சுகன்யா, எம்பொண்டாட்டி, தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறவ. மிஷின் ஓடுறத விட அவ வாய் ஜாஸ்தி ஓடும். சும்மா சொல்லக்கூடாது, அவ பேச்சக் கேக்கவே தெருவுல நாலு பொம்பளைக துணியத் தூக்கிட்டு வருவாங்க. அவ எங்கிட்ட வந்து, "என்னங்க ஒரு மாதிரியா இருக்கீங்க?"ன்னு கேப்பா. "ஒண்ணுமில்ல"ம்பேன். "இல்லைங்க, மூஞ்சியே சரியில்லையே." "ஒண்ணுமில்லேன்னு சொல்றேன்ல!"ன்னு வள்ளுனு விழுந்துட்டு எந்திரிச்சு மாடிக்குப் போயிருவேன். மாடியில ஒண்ணும் கெடையாது. தண்ணி டேங்க் இருக்கு. அதுக்குப் பக்கத்துல உக்காந்து திண்டுக்கல் மலைக்கோட்டையப் பாத்துக்கிட்டிருப்பேன். ஒரு நா உக்காந்திருக்கும்போதே கண்ணுல தண்ணி ஊத்துச்சு. ஒரு காரணமும் இல்ல. தூசின்னு நானே எனக்குச் சொல்லிக்கிட்டேன்.

போகப் போக சுகன்யா கேக்குறத விட்டுட்டா. வீட்ல மிஷின் சத்தம் மட்டும்தான்.

இப்படி இருக்கும்போதுதான் பூசாரி மூக்கையா போன் பண்ணாரு. பங்காளி முறையில எனக்கு அண்ணன். குஜிலியம்பாறைக்கு அங்கிட்டு, மானம் பாத்த பூமியில எங்க ஊரு. அங்கதான் எங்க குலசாமி கருப்பன் இருக்கான். வருசா வருசம் பங்குனியில பொங்கல் வைப்போம். எங்கப்பாவுக்குப் பெறகு கருப்பன் எம்மேலதான் எறங்குறான்.

"ஏலே ஒச்சு, காப்புக் கட்டணும், வந்து சேரு"ன்னாரு.

எனக்குப் போறதுக்கே பயமாயிருச்சு. ஏன்னு சொல்றேன். காப்புக் கட்டிட்டா சாமியாடி கறி திங்கக்கூடாது, பொண்டாட்டி பக்கம் போகக்கூடாது, பீடி சிகரெட்டு தொடக்கூடாது. நானும் வருசா வருசம் விட்டவந்தான். ஆனா கருப்பன் சுருட்டு குடிக்கிற சாமி. பொங்கலன்னைக்கு மேளத்துக்குச் சாமி எறங்கினதும் பூசாரி சுருட்டப் பத்த வச்சுக் கையில குடுப்பாரு. சாமி அத இழுத்துப் பொகைய விட்டாத்தான் வாக்கே சொல்லும். சாமி மலையேறிப் போயிரும். நாக்குல ஒட்டுன சுருட்டு ருசி மட்டும் எங்கிட்டயே நின்னுரும். சாயங்காலமே நான் பெட்டிக்கடையில நிப்பேன். விட்டத வருசா வருசம் திரும்ப எடுத்து வாயில வச்சது எங்க குலசாமிதான்னா பாத்துக்கங்க.

"அண்ணே, இந்த வருசம் எனக்கு சுருட்டு வேணாம்ணே"ன்னேன். காலு விசயத்தச் சொன்னேன்.

மூக்கையா சிரிச்சாரு. "ஒன்னய எவன்டா குடிக்கச் சொன்னான்? குடிக்கிறது சாமிலே. ஒனக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

"பத்த வைக்காம குடுங்களேன்."

"ஏலே, பத்த வைக்காத சுருட்டக் குடுத்து சாமியக் கேலி பண்றியா? ஊரு காறித் துப்பும்லே. பெரியப்பா இருந்திருந்தா இந்தப் பேச்சு பேசுவியா?"

எங்கப்பாவையே இழுத்துட்டாரு. வேற யாரையாவது ஆட வைங்கன்னு சொல்ல முடியுமா? சாமி யாருமேல வரணும்னு சாமிதான் முடிவு பண்ணணும்.

மறுபடி காலக் காட்டப் போனப்ப டாக்டரம்மாகிட்ட மெதுவாக் கேட்டேன். "ஏம்மா, நான் குடிக்கல, சாமி குடிச்சா?"

அவங்க முதல்ல முழிச்சாங்க. நான் வெவரமாச் சொன்னேன். கேலி பண்ணாமக் கேட்டாங்க, அதுக்கே அவங்களக் கும்பிடணும். கேட்டு முடிச்சுட்டு, "சாமி யாரு காலுலங்க நிக்குது?"ன்னாங்க.

எந்திரிச்சு வந்துட்டேன்.

சுருட்டு ஒரு பயம்னா அத விடப் பெரிய பயம் இன்னொண்ணு இருந்துச்சு. அத மூக்கையாகிட்டயும் சொல்லல, டாக்டரம்மாகிட்டயும் சொல்லல. சாமி வரும்போது எப்படி இருக்கும் தெரியுமா? உள்ளங்காலுலருந்து ஜிவ்வுன்னு ஒரு சந்தோசம் ஏறும். எனக்குத்தான் இப்ப கறி தின்னாலும் ஒண்ணுமில்ல, தூங்கினாலும் ஒண்ணுமில்லையே. இப்படிக் கெடக்குறவன் மேல எந்தச் சாமி வரும்? மேளம் அடிக்க அடிக்க நான் மரமாட்டம் நின்னுட்டா என்ன பண்றது?

பொங்கலும் வந்துச்சு. பங்குனி வெயிலுன்னா எங்க பக்கத்து வெயிலு. உச்சிப் பொழுது, நெழலே இல்ல. வேலிக்கருவ கூட வாடி நிக்குது. கோயில்னு பெருசா ஒண்ணுமில்ல, ஒரு மேடை, நட்ட கல்லு, முன்னாடி ஆளுயர அருவா. எனக்குக் கச்சை கட்டி, மாலை போட்டு, கையில அருவாவக் குடுத்து நிப்பாட்டிட்டாங்க. சொந்தபந்தம் பூராம் சுத்தி நிக்குது. பிராங்க்ளினும் வந்திருந்தான். கறிச்சோறு திங்க முடியாதுன்னு தெரிஞ்சும் எனக்காக வந்திருந்தான்.

உருமி ஆரம்பிச்சுச்சு. நான் கண்ண மூடிக்கிட்டேன். உள்ளங்கால் சூடா இருந்துச்சு, ஆனா அது வெயிலு. உருமி வேகமாச்சு, கூட தப்பும் சேந்துச்சு. எனக்குள்ள ஒண்ணும் அசையல. மேளக்காரரு மூஞ்சியில வேர்வை கொட்டுது, என்னையப் பாத்துக்கிட்டே அடிக்கிறாரு. "வாய்யா கருப்பா, வாய்யா"ன்னு கூட்டம் கெஞ்சுது. நானுந்தான் கெஞ்சுனேன். ஏய்யா, வந்து தொலையேன்யா, இத்தன பேரு முன்னாடி என்னைய இப்படி நிக்க விடாதன்னு உள்ளுக்குள்ள அழுதேன். வரல.

மூக்கையாவுக்குப் பொறுமை போச்சு. வாசம் காட்டினா வரும்னு நெனச்சாரு போல, சுருட்ட எடுத்துப் பத்த வச்சாரு. அணையாம இருக்க ரெண்டு இழுப்பு அவரே இழுத்தாரு. அந்தப் பொக நேரா எம்மூஞ்சிக்கு வந்துச்சு.

அம்மாடி! தாட கிடுகிடுன்னு ஆடுது. வாயில எச்சி ஊறுது. கையி நடுங்குது, முட்டி நடுங்குது, அருவாவுல கட்டின சலங்க கலகலங்குது. அத்தன நாளா அடக்கி வச்ச வெறி பூராம் ஒண்ணா எந்திரிச்சு என்னையப் பிடிச்சு உலுக்கிருச்சு.

பொம்பளைக குலவை போட்டாங்க. "வந்துட்டான்யா கருப்பன்!"னு மூக்கையா தரையில விழுந்து கும்புட்டாரு.

வந்தது கருப்பன் இல்லைங்கிறது எனக்குத் தெரியும். எனக்கு மட்டுந்தான் தெரியும். யாருகிட்டச் சொல்ல? மூக்கையா எந்திரிச்சு சுருட்ட எங்கையில சொருகிட்டாரு. மேளம் நின்னுச்சு. எல்லாரும் என் வாயவே பாக்குறாங்க. ஒரு இழுப்பு இழுத்துட்டா எல்லாம் சரியாப் போயிரும்னு தோணுச்சு. சாமி வந்த மாதிரியும் ஆச்சு, மனசும் பழையபடி ஆயிரும், மறுபடி சிரிப்பேன், காலு போறப்ப போகட்டும். சத்தியமாச் சொல்றேன், அப்ப எனக்குக் காலு பெருசாத் தெரியல. சுருட்ட ஒதட்டுக்குக் கொண்டு போயிட்டேன்.

அப்ப கூட்டத்த வெலக்கிக்கிட்டு சுகன்யா வந்து எம்முன்னாடி நின்னா.

கல்யாணமான நாள்லருந்து அவ வாக்கு கேட்டு வந்ததே இல்ல. "வீட்ல கெடைக்காத பதிலா அங்க கெடைக்கப் போகுது"ம்பா. அவ வந்து கும்புட்டு நிக்கவும் கூட்டமே ஒரு மாதிரி ஆயிருச்சு. மூக்கையா, "இரும்மா, சாமி சுருட்டு குடிக்கட்டும்"னாரு. அவ காதுலயே வாங்கல.

"சாமி, எங்க வீட்டுக்காரரு சிகரெட்ட விட்டாரு. விட்டதுலருந்து வீட்ல ஆளு இருக்கு, மனுசன் இல்ல. என்னன்னு கேட்டா ஒண்ணுமில்லங்கிறாரு. மாடியில போயி ஒத்தையில அழுகுறாரு, எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டு. என்னையத்தான் பிடிக்காமப் போச்சோன்னு நானும் கெடந்து அழுதுட்டேன். காலு போனாலும் பரவால்ல, கஞ்சி நான் ஊத்திக்கிறேன், மனுசன் சிரிச்சாப் போதும்னு நானே கடைக்குப் போயி வாங்கிட்டேன்."

முந்தானையில முடிஞ்சிருந்தத அவுத்தா. என்னோட சிகரெட்டு பாக்கெட்டு, நான் குடிக்கிற அதே சிகரெட்டு. உள்ளங்கையில வச்சு நீட்டினா.

"இத அவருகிட்டக் குடுக்கவா, வேணாமா? நீயே சொல்லு சாமி."

ஒரு கையில எரியுற சுருட்டு, எதிர்ல பாக்கெட்டு, ரெண்டுக்கும் நடுவுல அவ மூஞ்சி. அந்த மூஞ்சிய நான் நேரா நின்னு பாத்தே எம்புட்டு நாளாச்சு! கண்ணுக்குக் கீழ கறுத்துப் போயிக் கெடந்துச்சு. எம்மனசு மட்டுந்தான் செத்துப் போச்சுன்னு இருந்தேன். கூடவே ஒருத்தி கெடந்து சாகுறா, அது எனக்குத் தெரியல.

"குடுக்காத சுகன்யா"ன்னேன். மெல்லத்தான் சொன்னேன், அவளுக்கு மட்டுந்தான் கேட்டிருக்கும். "அவனுக்கு ஓம்மேல ஒண்ணுமில்ல. எதையும் பிடிக்கல, அதுல நீயும் மாட்டிக்கிட்ட. அவனுக்குச் சிரிக்க வரல. சொல்ல வெக்கமா இருக்கு அவனுக்கு. பயமாவும் இருக்கு. இப்படியே இருந்துருவோமோன்னு பயமா இருக்கு."

சொல்லும்போதே அழுதுட்டேன். அத்தன பேரு முன்னாடி, கச்சையும் கட்டி, அருவாவும் பிடிச்சுக்கிட்டு, சின்னப் பிள்ளையாட்டம் தேம்பித் தேம்பி அழுதேன். சுருட்டுக் கங்கு ஒண்ணு தெறிச்சு வெரலச் சுட்டுருச்சு. குனிஞ்சு அத நட்ட கல்லுக்கு முன்னாடி மண்ணுல குத்தி வச்சேன். அது பாட்டுக்குப் பொகைஞ்சுச்சு.

"சாமி, குடிக்கலையே..."ன்னு இழுத்தாரு மூக்கையா.

"கருப்பனுக்கு வச்சாச்சுலே"ன்னு கல்லக் காட்டினேன். சாமி குரல்லதான் சொன்னேன், வேற என்ன செய்ய? துண்ணூற எடுத்து சுகன்யா நெத்தியில பூசிட்டு அப்படியே உக்காந்துட்டேன். சாமி மலையேறிருச்சுன்னு தண்ணி தெளிச்சுட்டாங்க.

பெறகு கெடா வெட்டிக் கறிச்சோறு போட்டாங்க. பிராங்க்ளின் வெறும் பொங்கலத் தின்னுக்கிட்டு எங்கிட்ட வந்து உக்காந்தான். மூக்கையாதான் வந்து முதுகத் தட்டினாரு. "ஏலே ஒச்சு, எத்தனையோ வருசம் பாத்திருக்கேன், இந்த வருசம் மாதிரி கருப்பன் உருகி நின்னதே இல்லடா"ன்னாரு. நான் குனிஞ்சு எலையில சோத்தப் பெசஞ்சேன்.

வெயில் தாழ பைக்க எடுத்தோம். சுகன்யா பின்னாடி உக்காந்திருந்தா. ஊரத் தாண்டினதும் எனக்குத்தான் பொறுக்கல.

"அந்தப் பாக்கெட்டு எங்க?"

"பொங்கல் அடுப்புல போட்டுட்டேன்."

"சாமி சொன்னத நம்புனியா?"ன்னேன்.

"எந்தச் சாமி?"ன்னா. "சாமி பொம்பளைகள ஆத்தான்னுதான் கூப்பிடும். எம்பேரச் சொல்லி எந்தக் காலத்துல கூப்பிட்டுச்சு?"

எனக்குக் காது சூடாயிருச்சு. "அப்ப நான் பேரச் சொன்ன பெறகுதான் ஒனக்குத் தெரியுமா?"

"மேளம் அடிக்கும்போதே தெரியும். உங்க மூஞ்சியப் பாத்தா தெரியாதா? ஒண்ணும் வராம முழிச்சுக்கிட்டு நின்னீங்க."

"தெரிஞ்சுக்கிட்டா வந்து கேட்ட?"

"வீட்ல கேட்டா வள்ளுனு விழுந்துட்டு எந்திரிச்சு மாடிக்குப் போயிருவீங்க. அங்க எங்க எந்திரிச்சுப் போவீங்க?"

வண்டிய ஓரங்கட்டி நிப்பாட்டிட்டேன். ரெண்டு பக்கமும் காஞ்ச காடு, ஒரு ஆளு இல்ல. எறங்கி நின்னேன். ரோசமா வந்துச்சு, வெக்கமா வந்துச்சு, என்னமோ வந்துச்சு. ஒண்ணுமில்லாம இருந்தவனுக்கு அதுவே பெருசு. சட்டப்பைக்குக் கை போச்சு, பழக்கதோசம். பையில சோம்புதான் இருந்துச்சு.

சுகன்யா வண்டிய விட்டு எறங்கல. அங்கருந்தே கேட்டா, "இப்ப எப்படி இருக்கு?"

ஒண்ணுமில்லேங்கிற வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துருச்சு.

"நல்லால்ல"ன்னேன். "காலையிலருந்தே நல்லால்ல. இப்பக் கூட சிகரெட்டு கேக்குது."

"ம்"ன்னா. கைய நீட்டிக் கொஞ்சம் சோம்ப வாங்கி அவளும் வாயில போட்டுக்கிட்டா. "வண்டிய எடுங்க. போயிக்கிட்டே சொல்லுங்க, கேட்டுக்கிட்டு வாரேன்."

எரியோடு வர்ற வரைக்கும் சொல்லிக்கிட்டேதான் ஓட்டினேன்.